பிள்ளைக்காம்பராவில் விழுந்த தூக்கம்

கீழ் டிவிசன் பிள்ளைக்காம்பரா,
உக்குவளை.
19.2.1970

என் அன்பு மகள் சந்திரகாந்தாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அங்கே அந்த நீலகிரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் நீ எழுதிய கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது, அப்பா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இப்போது மத்தியானம் இரண்டு மணி, பிள்ளைக்காம்பராவில் தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன இருபத்தாறு பிள்ளைகளும் தூங்குகின்றன, தொட்டில் சேலைகள் எல்லாம் ஒரே பக்கமாய் மெல்ல ஆடிக்கொண்டிருக்கின்றன, யார் ஆட்டினார்கள் என்று தெரியாத மாதிரி. மலையில் இருந்து பனி இறங்கி ஜன்னல் வரைக்கும் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. கொக்கோ ஸ்டோரில் இருந்து புளித்த வாசம் வருகிறது. இந்த நேரத்தில் நான் வாசற்படியில் உட்கார்ந்தால் நீ கப்பலேறிப் போனதே மறந்துவிடும், மேல் லயத்து வீட்டுவரிசைப் பாதையில் புத்தகப் பையோடு நீ இறங்கி வருவது போலவே இருக்கும், எழுந்துகூடப் போய்ப் பார்ப்பேன். பனிதான் இருக்கும். பிள்ளைகளை விட்டுவிட்டா அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே, உள்ளே பேச்சாயி இருக்கிறாள், அவளையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சாயி யார் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ வேலைக்குச் சேர்ந்த பால்வாடியில் பொறுப்பாக இருக்கிற அம்மா உன்னை மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளையோடும் தனியாக விடமாட்டேன் என்கிறார், எந்நேரமும் இன்னொருத்தி பக்கத்தில் நிற்கிறாள், போதாக்குறைக்கு ஊரில் இருந்து உன்னைத் தெரிந்த இரண்டு பேரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார், நீ வீட்டுக்குப் போன பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புது அக்கா என்ன செய்தாள் என்று கேட்கிறாராம் என்று எழுதியிருந்தாய். சிலோன்காரி என்பதால்தானே அம்மா இப்படி, திருடியைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்கள், பங்குனியோடு நின்றுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் மை கலங்கியிருந்தது. வாசித்தபோது எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது, என் மகளையா என்று. பிறகு அன்றைக்கெல்லாம் கோபப்பட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசி. இதில் உன்னிடம் நான் மறைத்ததும் இருக்கிறது.

போன புரட்டாசியில் அப்பா கொக்கோ மரத்தடியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். நீ புது ஊரில் தவித்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் எழுதவில்லை, மன்னித்துக்கொள். இப்போது நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், அவ்வளவுதான். என்னோடு இருந்த பழைய ஆயா மகனோடு ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிப் போன பிறகு ஒரு மாதம் நான் தனியாளாகத்தான் இத்தனை பிள்ளைகளையும் பார்த்தேன். அப்பா விழுவதற்கு முதல் நாள்தான் தோட்டத்து ஆபீசில் இருந்து பேச்சாயியை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும், பிள்ளை இல்லை, புருஷன் செத்துப்போய் நாலு வருஷம். நாவுலயில் ஒரு முதலாளி வீட்டில் பிள்ளை பார்த்தேன் என்றாள். அவ்வளவுதான் எனக்கும் ஆபீசுக்கும் தெரிந்தது. சேலையைச் சுத்தமாகக் கட்டியிருந்தாள், வந்ததும் அழுத பிள்ளையைக் கேளாமலே தூக்கினாள், அது போதும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அப்பாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. போகிற அவசரத்தில் பால்மா டப்பா எங்கே இருக்கிறது, துணி எங்கே காயப்போட வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு நான் போய்விட்டேன். எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எந்தப் பிள்ளை மண் தின்னும், கஷ்டமாக இருந்தால் யாரைக் கூப்பிடுவது, ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளே ஒரு புது மனுஷியை இருபத்தாறு பிள்ளைகளோடு எட்டு நாள் தனியாக விட்டேன் சந்திரா. அவளுடைய பயத்தை ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

எட்டு நாள் கழித்து நான் திரும்பி வந்த காலையை என்னவென்று சொல்வது. பாதையில் வரும்போதே வழக்கமாகப் பிள்ளைகளின் சத்தம் கேட்கும், நீயும் கேட்டிருக்கிறாய், சாதிக்காய் மரங்களைத் தாண்டும்போதே காதடைக்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மரத்தில் பழம் வெடித்து விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே வந்து பார்த்தால் பத்து மணிக்கே பாதிப் பிள்ளைகள் தூங்குகின்றன. மற்றவை சுவரில் சாய்ந்துகொண்டு தங்கள் கைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கோயிலுக்குள் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பேச்சாயி தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து மெதுவாக ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் கையில் தூக்கம் இருக்கிறது என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் தொல்லை தரவில்லை என்று தாய்மாருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் எட்டு நாள் கண்ணை மூடாமல் கிடந்து வந்தவள், அந்த அமைதிக்குள் நானும் நழுவிப் போனேன். மத்தியானம் பேச்சாயியின் பாட்டைக் கேட்டுக்கொண்டே சுவரோடு சாய்ந்து தூங்கியிருக்கிறேன், வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் செய்யாத காரியம். நான் திரும்பி வந்த பிறகு கழிந்த பத்து நாளும் தண்ணீருக்கு அடியில் இருந்த மாதிரித்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எல்லாம் மெதுவாக, எல்லாம் அழகாக. கடைசி லயத்து நாலு வயதுப் பெண் பவளம் ஒருநாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, பால் நாக்கில் காந்துகிறது என்று சொன்னாள். குடித்துவிட்டு விளையாடப் போ என்றேன். அவள் குடித்தாள். விளையாடப் போகவில்லை, போய்ப் படுத்துக்கொண்டாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் பதினொரு மணிக்கு உன் கூட்டாளி அழகம்மா பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தாள். நீ போகும்போது அவள் பிள்ளை ரெத்தினம் கைக்குழந்தை, இப்போது ஒன்றரை வயதுக்கு வந்துவிட்டான். றப்பர் பால் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு தொட்டிலில் இருந்து தூக்கினாள், தலை பின்னால் தொங்கிவிட்டது. எழுப்பினாள், எழும்பவில்லை. கன்னத்தில் தட்டினாள், கண் பாதி திறந்தது, எங்கேயோ பார்த்தது, மூடிக்கொண்டது. முகம் சிவந்து நெருப்பாய்க் கொதித்தது, உதடு வறண்டு வெடித்திருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது வெளியே தெரிந்தது. அழகம்மா கத்தவில்லை. என்னைப் பார்த்து, "பெரியம்மா, புள்ளைக்கு என்னா குடுத்தீங்க" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னமும் என் காதில் இருக்கிறது. என் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் வாய்க்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மருந்துக்கார ஐயா சிவலிங்கம் ஓடி வந்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், பிறகு பால் கோப்பையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பேச்சாயியிடம் திரும்பினார். அவள் ஒளிக்கவே இல்லை. மடியை அவிழ்த்து ஐந்தாறு சாதிக்காயும் உரசுகிற கல்லும் எடுத்துக் காட்டினாள். வழியில் விழுந்து கிடந்ததைப் பொறுக்கி, தினமும் பால் பானையில் உரசிப் போட்டிருக்கிறாள். முதலில் அரைக்காய், பிறகு ஒன்று, பிறகு இரண்டு. ரெத்தினத்துக்குப் பல் முளைக்கிற நேரம், காலையில் இருந்து அழுதான் என்று அவனுக்குத் தனியாக ஒரு காயை முழுதாக உரசிக் கொடுத்திருக்கிறாள். "அழுதா நல்லாப் பாக்கலன்னு நிப்பாட்டிருவாங்கன்னு நெனைச்சேங்க, தூங்குனா நல்லதுதானேங்க" என்றாள். சாதிக்காயை ஓர் உரசு உரசி நாக்கில் தடவாத வீடு இந்த ஊரில் எது, உனக்கு நானே தடவியிருக்கிறேன். எவ்வளவு போனால் நஞ்சு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்டோருக்கு மிளகு ஏற்ற வந்திருந்த ஜுனைதீன் நானா மூட்டைகளை அப்படியே கீழே தள்ளிவிட்டு எங்களை வேனில் ஏற்றிக்கொண்டார். அழகம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. ஐயா நாடியை விடாமல் பிடித்திருந்தார். பேச்சாயியை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகளைக் கணக்கப்பிள்ளையின் சம்சாரம் ஓடி வந்து பார்த்துக்கொண்டாள். வேன் ஓட்டிக்கொண்டே நானா கண்ணாடியில் பேச்சாயியைப் பார்த்துவிட்டு, இந்தப் பொம்பளையை எனக்குத் தெரியுமே, நாவுலயில் ஹுசைன் முதலாளி வீட்டில் இருந்தவள்தானே என்றார். பிறகு வேனை இன்னும் விரட்டினார். மாத்தளையில் டாக்டர்மார் வயிற்றைக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள், விடியும் வரைக்கும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மறுநாள் காலை வார்டு ஜன்னலில் வெயில் வந்து கட்டிலில் விழுந்த நேரத்தில் ரெத்தினம் ஒரு முனகு முனகினான். பிறகு வீறிட்டு அழுதான் பார், அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. அழகம்மா அவனை அழவிட்டாள். தேற்றவே இல்லை, அழட்டும் அழட்டும் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சாயி வராந்தாவின் அந்தக் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தாள், சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அடுத்த போயா லீவு நாளில் நான் பஸ் ஏறி நாவுலக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஹுசைன் முதலாளியின் வீடு வெங்காயக் கடைக்குப் பின்னால் இருந்தது. அவருடைய சம்சாரம் றமீஸா என்னை உட்காரவைத்துக் கோப்பி தந்தார், யார் எங்கிருந்து என்று சொன்னேன், பேச்சாயி பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அவருடைய கடைசி மகள் போன வருஷம் இரண்டு நாள் இப்படித்தான் தூங்கினாளாம். அம்மிக்குப் பக்கத்தில் சாதிக்காய்த் தூளைப் பார்த்ததும்தான் விளங்கியதாம். பேச்சாயியிடம் ஏன் என்று சொல்லாமலே, இனி ஆள் தேவையில்லை என்று சேலை ஒன்று கொடுத்து அனுப்பிவிட்டாராம், ஏழைப் பெண், பெயர் கெட்டால் எங்கே போவாள் என்று. நான் கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒத்தரும் வந்து கேக்கல்லியே. கேட்டீந்தா செல்லியிருப்பேனே" என்றார். உக்குவளையில் இருந்து நாவுலக்கு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான் சந்திரா. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் வயலெல்லாம் பச்சையாய் மிதந்து போனது, ஒன்றையும் பார்த்த மாதிரி இல்லை, அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்துத் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பேச்சாயியை அன்றைக்கே தோட்டத்தைவிட்டு அனுப்பச் சொல்லி எழுதி வைத்திருந்தார். அப்பாவுக்குக் கால் சரியில்லாத நேரம், என் வேலையும் போனால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விட வேண்டும், எங்கே போவது என்று அப்பா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார், வாயைக் கொடுக்காதே என்று. ஆனாலும் அங்கே போய் நின்றபோது சொல்லிவிட்டேன். இவளை எங்கே இருந்தாள் என்று விசாரிக்காமல் சேர்த்தது ஆபீஸ், இரண்டாம் நாளே தனியாக விட்டது நான், பிள்ளை சொன்னதைக் கேளாமல் விட்டதும் நான், இவள் செய்தது தப்புதான், ஆனால் தப்பென்று இவளுக்கு இதுவரைக்கும் ஒரு ஆள் வாய்திறந்து சொன்னதில்லை என்றேன். துரை சிவலிங்கம் ஐயாவைப் பார்த்தார். புது ஆயா வந்தது தெரிந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதது தன்னுடைய பிழை என்று ஐயாவும் சொன்னார். கடைசியில் பேச்சாயியைப் புல் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள், என் பெயருக்கு நேரே ஒரு குறை எழுதிவைத்தார்கள். இனிமேல் பிள்ளைக்காம்பராவுக்கு ஆள் எடுத்தால் எப்படி என்று ஐயாவையும் என்னையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் சொல்லச் சொல்ல ஐயா எழுதி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது.

அதற்குப் பிறகு பழைய சத்தம் திரும்பி வந்தது. பிள்ளைகள் அழுதன, அடித்துக்கொண்டன, கூரை பறக்கிற மாதிரி. அழகம்மா மூன்று மாதத்துக்கு மேல் பிள்ளையைக் கொண்டுவரவில்லை, முதுகில் கட்டிக்கொண்டே றப்பர் மரத்துக்கு மரம் போனாள். பனிக்குள் அவள் போவதைப் பார்க்கும்போது ஒரு ஆளுக்கு இரண்டு தலை இருக்கிற மாதிரித் தெரியும். மார்கழியில் ஒரு காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களம் கலைந்த பிறகு பேச்சாயி கையில் புல்லுக்கத்தியோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "அக்கா, என்னைய மொத நாள்ல இருந்து மறுபடி சேத்துக்கிறீங்களா" என்று கேட்டாள். மனதில் இரக்கம் இருந்தது, ஆனால் அந்த இரக்கத்தை நம்பிப் பிள்ளைகளைக் கொடுக்க எனக்கு இனி உரிமை இல்லை. ஐயாவிடம் கேட்டேன், தாய்மார் எல்லோரையும் பெரட்டுக்களத்தில் நிற்கவைத்து அவள் முன்னாலேயே கேட்டேன், சிலர் சரி என்றார்கள், சிலர் பேசவில்லை, அழகம்மா திரும்பிக்கொண்டாள். நாவுல றமீஸாவிடமும் சொல்லி அனுப்பினேன், கோபமில்லை, தனியாக மட்டும் விடவேண்டாம் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் பொங்கல் கழிந்து அவள் முதல் நாள் மறுபடி தொடங்கியது.

முதல் வாரம் எந்தப் பிள்ளையையும் தூக்கவிடவில்லை, என் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தாயின் பெயரும் படித்தாள். இரண்டாம் வாரம் என்னோடு சேர்ந்து குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள். ஐயா வந்து காய்ச்சல் என்றால் என்ன செய்வது, வலிப்பென்றால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்து, மறுநாள் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிள்ளை அழுதால் அது அவளுடைய குற்றம் இல்லை, அழுகிற பிள்ளையோடு தவிக்கும்போது என்னைக் கூப்பிடுவதுதான் வேலை என்று நான் தினமும் சொல்கிறேன், இப்போதுதான் நம்பத் தொடங்கியிருக்கிறாள். கதவைச் சாத்துவதில்லை, எந்தத் தாயும் எந்நேரமும் உள்ளே வரலாம். ஒவ்வொரு காலையும் வந்தவுடன் மடியை அவிழ்த்து உள்ளதை ஜன்னல் கட்டையில் வைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முதல் நாள் அவள் அவிழ்க்கும்போது கண் கலங்கியது, அதைப் பார்த்துவிட்டு நானும் என் மடியை அவிழ்த்து வெற்றிலை, பாக்கு, பாக்குவெட்டி எல்லாம் பக்கத்தில் வைத்தேன். இப்போது இரண்டு பேருடையதும் சாயங்காலம் வரைக்கும் அங்கேதான் இருக்கும். வெற்றிலை போடாமல் எனக்குத் தலைவலிக்கிறது, பரவாயில்லை. சாயங்காலம் பிள்ளைகளைக் கேட்கிறேன், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், யார் தந்தார்கள் என்று. பவளத்துக்கு அது பெரிய சந்தோஷம், இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறாள், முழுதும் கேட்கிறேன்.

அழகம்மா இந்த மாதம் ரெத்தினத்தைத் திரும்பவும் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறாள். பேச்சாயி கை நீட்டினால் கொடுப்பதில்லை, அவளைத் தாண்டி வந்து என் கையில்தான் தருகிறாள். பேச்சாயி தினமும் எழுந்து நிற்கிறாள், தினமும் கையை மெல்ல இறக்கிக்கொள்கிறாள். இரண்டு பேரையும் நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் கொடுப்பாள், கொடுக்காமலும் போகலாம்.

அதனால்தான் சந்திரா, உன் கடிதத்தில் அந்தப் பொறுப்பம்மாவைப் பற்றி நீ எழுதியதை வாசித்தபோது, முகம் தெரியாத அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அவர் உன்னைத் திருடி என்று நினைக்கவில்லை, உன்னை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ளாமல் நம்புவது எப்படி இருக்கும் என்று உன் அம்மா பார்த்துவிட்டாள். சிலோன்காரி என்று யாராவது கேலி செய்தால் அது வேறு, அதைப் பொறுக்க வேண்டாம், அந்த அம்மாவிடமே சொல். ஆனால் அங்கே பிறந்த பெண்ணையும் இப்படித்தான் சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுப் பார். அப்படியென்றால் தலைநிமிர்ந்து அந்த மூன்று மாதத்தையும் முடி, பக்கத்தில் நிற்பவளிடம் தெரியாததை எல்லாம் கேட்டுக்கொள், அழுகிற பிள்ளையோடு தனியாக நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அவர் கேட்ட இரண்டு கடிதமும் இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று சிவலிங்கம் ஐயா எழுதியது. எழுதும்போது என்னைக் கூப்பிட்டு, இவளிடம் என்ன குறை சொல்லம்மா, நல்லதை நானே எழுதுவேன் என்று கேட்டார். நான் பெற்ற பிள்ளை, எப்படிச் சொல்வது என்று இருந்தது. ஆனாலும் சொன்னேன், கோபம் வந்தால் குரலை உயர்த்துவாள், கை நீட்டமாட்டாள், ஒரு தரம் சொன்னால் அடக்கிக்கொள்வாள் என்று. அதையும் எழுதியிருக்கிறார், என்மேல் வருத்தப்படாதே. மற்றக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அழகம்மா தானாகவே வந்தாள், உன் கடிதத்தைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், அவள் சொல்ல நான்தான் எழுதினேன். சிறுபிள்ளைகளாக இருந்தபோது வெள்ளம் வந்த அன்றைக்கு அவளுடைய தம்பியை நீ தோளில் வைத்து ஓடையைத் தாண்டியதைச் சொன்னாள், கடைசியில், "நம்ம சந்திரா கையில எம் புள்ளையக் குடுப்பேன்னு எழுதுங்க பெரியம்மா" என்றாள். எழுதினேன். அதன் கீழே பெருவிரலில் மை தொட்டு வைத்திருக்கிறாள், றப்பர் பால் காய்ந்த விரல் ரேகை சரியாக விழாது என்று இரண்டு தரம் வைத்தாள். அந்தத் தாளைக் கசக்காமல் கொண்டுபோய்க் கொடு.

நீயும் மாப்பிள்ளையும் நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும், உன் கையில் வருகிற பிள்ளைகளும் சுகமாக வளர வேண்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொல்கிறார், கால் நன்றாக இருக்கிறது என்றும் எழுதச் சொல்கிறார். காதை மூடிக் கம்பளிச் சால்வை கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. இது கைக்கு வந்த மறுநாளே அந்த அம்மாவிடம் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்கு ஒரு வரி போடு. தொட்டிலில் ஒன்று விழித்துவிட்டது, அழுகிறது, பேச்சாயி என்னைக் கூப்பிடுகிறாள்.

உன் அன்பு அம்மா,
இ. சுந்தரம்மா